மீண்டும் ஓட விரும்பும் கோவிந்தன்மாருக்கு



மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி நெருங்கும்போது குமரி மாவட்டத்துச் சாலைகளில் விந்தையான ஒரு முழக்கம் எழும். சிவராத்திரிக்காகச் சிவாலயங்களை நோக்கி ஓடுகின்ற அடியார்கள், 'கோவிந்தா, கோபாலா' என்று திருமாலின் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். காவி வேட்டி, கழுத்தில் துளசி மாலை, கையில் பனையோலை விசிறி, இடையில் திருநீறு வைக்கச் சிறு துணிப்பை. இவ்வடியார்களுக்குக் 'கோவிந்தன்மார்' என்றே பெயர். முன்சிறைக்கு அருகிலுள்ள திருமலை மகாதேவர் ஆலயத்தில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்னும் தலங்களை வணங்கித் திருநட்டாலத்தில் நிறைவு செய்வார்கள். பன்னிரண்டு ஆலயங்கள், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம், ஓர் இரவும் ஒரு பகலும். இதுவே சிவாலய ஓட்டம்.

இவ்வோட்டத்தைப் பற்றி இவ்வாரம் எழுத நேர்ந்ததற்குக் காரணம், அம்மாவட்டத்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதம். அவருக்கு வயது 64. இளமையில் ஆண்டு தவறாமல் ஓடியவர். 35 வயதில் வெளியூருக்குப் பணிமாற்றம் வந்தது. நாற்காலியில் அமர்ந்தே செய்யும் வேலை. ஓட்டம் நின்றது, பின்னர் நடையும் நின்றது. இன்று அவருடைய எடை 90 கிலோ. பதினோர் ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்கிறார். சென்ற ஆண்டு அவருடைய துணைவியாருக்குப் பெரிய அறுவை சிகிச்சை ஒன்று நடந்தது. அவ்வேளையில், 'இவள் பிழைத்து வீடு திரும்பினால் பன்னிரண்டு சிவாலயங்களையும் மீண்டும் ஓடி வணங்குவேன்' என்று நேர்ச்சை செய்துகொண்டார். அம்மையார் இறையருளால் நலமடைந்தார். அன்பரும் மகிழ்ச்சியோடு மறுவாரமே வைகறையில் எழுந்து, பழைய நினைவில் பழைய வேகத்தில் ஓடத் தொடங்கினார். மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்கிறார்; மகளோ ஓட்டத்தின் பேச்சையே எடுக்கக்கூடாது என்கிறார்.

அவர் மூன்று வினாக்களை எழுப்பியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் வாளாவிருந்த உடல் மீண்டும் ஓடுமா? ஓடினால் எடை குறையுமா? ஓட இயலாமற்போனால், செய்த நேர்ச்சை என்னாவது? இவை அவர் ஒருவருக்குரிய வினாக்கள் அல்ல. மலையேற்றம், கிரிவலம், பாதயாத்திரை என்று ஏதேனும் ஒன்றை இளமையில் செய்து, இடையில் விட்டு, முதுமையில் அதை மீண்டும் எண்ணிப் பார்க்கின்ற எல்லோருக்கும் உரியவை. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஓடியவனும் நின்றவனும்

முதலில் இவ்வோட்டத்திற்கு மூலமாகச் சொல்லப்படும் கதையை நினைவுகூர்வோம். ஊருக்கு ஊர் சிறிது மாறிச் சொல்லப்பட்டாலும் அதன் உட்பொருள் ஒன்றே.

தருமர் நடத்திய வேள்விக்குப் புருஷாமிருகத்தின் பால் தேவைப்பட்டது. பாதி மனித உருவும் பாதி விலங்குருவும் கொண்ட புருஷாமிருகம் ஆழ்ந்த சிவபக்தி உடையது. திருமாலின் நாமம் காதில் விழுந்தாலே சினங்கொள்வது. பாலைக் கொண்டுவரும் பொறுப்பு வீமனிடம் வந்தது. கண்ணபிரான் அவனிடம் பன்னிரண்டு உருத்திராக்கங்களைக் கொடுத்து, 'ஆபத்து நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கீழே இடு' என்று சொல்லி அனுப்பினார். வீமன் 'கோவிந்தா, கோபாலா' என்று அழைத்தான். சினந்த புருஷாமிருகம் அவனைத் துரத்தியது. அது நெருங்கும்போதெல்லாம் அவன் ஓர் உருத்திராக்கத்தைத் தரையில் இட்டான், அது சிவலிங்கமாயிற்று. லிங்கத்தைக் கண்டதும் புருஷாமிருகம் சினத்தை மறந்து, நின்று, நீராடி, வழிபட்ட பின்னரே மீண்டும் ஓடியது. அவ்வாறு பன்னிரண்டு இடங்களில் எழுந்தவையே பன்னிரண்டு சிவாலயங்கள்.

பன்னிரண்டாவது இடத்தில் வீமனின் ஒரு கால் எல்லைக்கு அப்பாலும் மற்றொரு கால் எல்லைக்கு இப்பாலும் இருந்தபோது புருஷாமிருகம் பற்றிக்கொண்டது. வழக்கு தருமரிடம் சென்றது. தம்பி என்று பாராமல், 'எல்லைக்குள் அகப்பட்ட பாதி உடல் புருஷாமிருகத்திற்கே உரியது' என்று தருமர் தீர்ப்பளித்தார். அந்த நேர்மையைக் கண்டு புருஷாமிருகத்தின் சினம் தணிந்தது. அரியும் அரனும் ஒன்றே என்னும் உண்மையும் அதற்கு விளங்கியது. திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் திருக்கோயில் கொண்டிருப்பது இக்கதையோடு இயைந்து நிற்கிறது.

இக்கதையில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. வீமனைத் துரத்திய புருஷாமிருகம் இடைவிடாது ஓடவில்லை. ஓடியது, நின்றது, வழிபட்டது, மீண்டும் ஓடியது. இன்றைய கோவிந்தன்மாரும் அவ்வாறே ஒவ்வோர் ஆலயத்திலும் நின்று, நீராடி, ஈர உடையோடு உட்சென்று, சுவாமிக்கு விசிறியால் வீசித் தொண்டு செய்து, திருநீறு பெற்ற பின்னரே அடுத்த தலத்திற்குப் புறப்படுவார்கள். ஓட்டத்திற்குள்ளேயே ஓய்வு வைக்கப்பட்டிருக்கிறது.

மற்றொன்று தருமரின் தீர்ப்பு. 64 வயதில் நம் உடலைப் பற்றியும் அத்தகைய நேர்மையான தீர்ப்பு ஒன்று தேவைப்படுகிறது. பாதி உடல் நம்முடையது. மறுபாதி கடந்த ஆண்டுகளுக்கு உரியதாகிவிட்டது. 'எல்லாம் போயிற்று' என்று படுத்துவிடுவதும் அத்தீர்ப்புக்கு மாறானது. 'எதுவும் போகவில்லை' என்று 35 வயதின் வேகத்தில் ஓடுவதும் மாறானது.

உடல் மறந்ததும் மனம் மறவாததும்

அன்பரின் முழங்கால் ஏன் வீங்கியது? அவருடைய மனம் ஓட்டத்தை மறக்கவில்லை, கால்கள் மறந்துவிட்டன. பயன்படுத்தாத தசை மெலிகிறது. முதுமையில் அம்மெலிவு விரைவுபடுகிறது. தொடையின் முன்புறத் தசையே முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது. அது தளர்ந்தால் உடலின் பாரம் முழுவதும் மூட்டின் மீதே இறங்கும்.

இங்கு ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். பயிற்சியை மீண்டும் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓரளவு தேர்ச்சி பெற்றுவிடும். மூச்சு வாங்குவது குறையும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் மூட்டுகளும் உறுதிபெறப் பல மாதங்கள் பிடிக்கும். 'மூச்சு வாங்கவில்லையே, இன்னும் சிறிது ஓடலாமே' என்று தோன்றுகின்ற நாளே அடிபடுகின்ற நாள். மீண்டும் ஓடத் தொடங்குவோரில் பலர் இவ்விடத்திலேதான் தவறுகிறார்கள்.

எடையின் பங்கும் சிறிதன்று. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போலப் பன்மடங்கு அழுத்தம் முழங்காலில் விழுகிறது. நடக்கும்போதும் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே 'எடையைக் குறைப்பதற்காக ஓடுகிறேன்' என்பதைச் சற்றே மாற்றி, 'ஓடுவதற்காக எடையைக் குறைக்கிறேன்' என்று எண்ணுவது நலம்.

நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ

ஓடினால் எடை குறையுமா என்னும் வினாவிற்குக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 90 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 90 கலோரி செலவாகும். அது இரண்டு தேக்கரண்டி நெய்யில் அடங்கியிருக்கும் ஆற்றல். உடலில் சேர்ந்த கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். அப்படியாயின், முன்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் ஒருவர் ஓடியே முடித்தாலும், அதனால் கரையும் கொழுப்பு ஒரு கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஓட்டம் முடிந்த மறுநாள் தராசு அதற்கு மேல் காட்டினால், அது பெரும்பாலும் வியர்வையாகச் சென்ற நீர். இரண்டு நாட்களில் திரும்பிவிடும்.

இதைக் கேட்டு மனம் சோர வேண்டியதில்லை. எடை குறைவது முதன்மையாக இலையில். ஓட்டமும் நடையும் அதற்குத் துணை. காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு, அந்த நிறைவிலே நெய்ப் பொங்கலை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டால் நடந்தது அத்தனையும் அங்கேயே தீர்ந்துவிடும்.

நம்மைப் போன்றோரின் இலையில் குறைக்கத்தக்கவை எவை? நாளைக்கு மூன்று முறை அருந்தும் காப்பியின் சர்க்கரை. மாலைச் சிற்றுண்டி. இரவில் ஒன்பது மணிக்குப் பின் உண்ணும் உணவு. கோயில் பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு பெற்றுக் கண்ணில் ஒற்றி உண்பதே பிரசாதம். வாழையிலை நிறையப் பெற்றால் அது உணவு. அந்த வேளையின் உணவாகவே அதைக் கணக்கிட வேண்டும்.

ஆனால் முதியோர் வெறும் பட்டினியால் எடையைக் குறைக்க முற்படலாகாது. அவ்வாறு குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து குறைகிறது. முழங்காலைத் தாங்கும் தசையே போய்விட்டால் எடை குறைந்தும் பயனில்லை. பருப்பு, சுண்டல், பயறு, தயிர், பால் ஆகியவை ஒவ்வொரு வேளையிலும் இடம்பெற வேண்டும். குறைக்க வேண்டியது சோற்றையும் நெய்யையும் இனிப்பையுமே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இதனை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

எவ்வளவு குறைந்தால் போதும்? இளமையின் எடைக்குத் திரும்ப வேண்டியதில்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீர்படத் தொடங்குகின்றன. 90 கிலோ உள்ள அன்பருக்கு அது நாலரைக் கிலோ. ஆறு மாதத்தில் இயலக்கூடியதே.

அவ்வாறாயின் ஓட்டத்தால் என்ன பயன்? தராசு காட்டாத பயன்கள் பல. தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இதயம் உறுதி பெறுகிறது. உறக்கம் நன்றாக அமைகிறது. குறைத்த எடை மீண்டும் ஏறாமல் தடுப்பதில் அன்றாட நடைக்குப் பெரும் பங்குண்டு. யாவற்றிற்கும் மேலாக, ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்லாமல் தாமே சந்நிதி வரை சென்று வரும் வலிமை கிடைக்கிறது. அதைவிடப் பெரிய பேறு முதுமையில் வேறென்ன?

மாசி வரையில் ஒரு நெறி

முதலில் மருத்துவரின் இசைவு வேண்டும். பல ஆண்டுகள் அசையாதிருந்தவர், அதிலும் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர், இதயத்தையும் கண்களையும் பாதங்களையும் பரிசோதித்துக்கொள்ளாமல் ஓட்டத்தில் இறங்கலாகாது. முழங்காலில் வீக்கம் இருக்கும் வரையில் ஓட்டம் என்பதே இல்லை.

முதல் நான்கு வாரங்கள் நடை மட்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று தொடங்கி, ஒரே வேளையில் முப்பது நிமிடம் நடக்குமளவுக்கு வளர்க்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாட்கள் அவ்வாறு நடந்தால் 150 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்குக் குறைந்த அளவாக வகுத்திருப்பதும் இதுவே. கோயில் அருகில் இருப்பவர்களுக்கு வெளிப் பிராகாரத்தைவிடச் சிறந்த நடைபாதை இல்லை. வாகனம் இல்லை, நிழல் உண்டு, களைத்தால் அமரத் திண்ணை உண்டு.

அடுத்த நான்கு வாரங்கள் நடையின் வேகத்தைச் சற்றே கூட்டி, கால் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். நம் முன்னோர் பிள்ளையார் முன் இட்ட தோப்புக்கரணம் தொடைத் தசைக்கு உகந்த பயிற்சியே. முழங்கால் வலி உள்ளவர்கள் முழுதும் அமர வேண்டியதில்லை. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல மீண்டும் அமர்வது போதும். பத்து முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்பதும் நல்லது. ஈரம் படிந்த கருங்கல் தளத்தில் வழுக்கி விழாமல் காப்பது அந்த நிலைத்த தன்மைதான்.

இவ்வெட்டு வாரங்களும் வலியின்றிக் கழிந்தால், மருத்துவர் இசைந்தால், ஒன்பதாம் வாரத்தில் மெல்லோட்டம் தொடங்கலாம். நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம். இவ்வாறு ஐந்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டத்தில் ஒரு நிமிடத்தைக் கூட்டி, நடையில் ஒரு நிமிடத்தைக் குறைக்கலாம். முதல் நாள் வந்த வலி மறுநாள் காலையிலும் நீங்காதிருந்தால், முந்திய வாரத்தின் அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்புவதில் இழுக்கில்லை. புருஷாமிருகமும் பன்னிரண்டு இடங்களில் நின்றதல்லவா?

வேகத்தை அறிவது எப்படி? அதற்குக் கருவி வேண்டியதில்லை. ஓடும்போதே 'கோவிந்தா, கோபாலா' என்று வாய்விட்டுச் சொல்ல இயல வேண்டும். நாமம் பாதியில் அறுந்து மூச்சு இடைமறித்தால் வேகம் மிகுதி. உடனே நடைக்கு வந்துவிட வேண்டும். இன்றைய மருத்துவரும் இதையே, 'பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும்' என்று வேறு வகையில் சொல்கிறார்கள். நாமம் சொல்லிக்கொண்டே ஓடும் வழக்கத்தில் பக்தியோடு இந்த அளவுகோலும் சேர்ந்தே இருக்கிறது.

மறவாமற் காக்க வேண்டியவை

சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்வோர் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். குளிர் வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், சொல் குழறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். திருநீற்றுப் பையோடு சிறிது குளுக்கோஸோ சர்க்கரையோ வைத்திருப்பது இன்றியமையாதது. சிவராத்திரி உபவாசத்தோடு ஓட்டத்தையும் சேர்ப்பது இத்தகையோருக்கு ஏற்றதன்று. இரண்டில் ஒன்றையே மேற்கொள்ளலாம். அதனையும் மருத்துவர் சொற்படியே மேற்கொள்ள வேண்டும்.

சிவாலய ஓட்டம் வெறுங்காலோடு ஓடும் வழக்கமுடையது. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். கல் குத்தியதும் தார்ச்சாலை சுட்டதும் தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்கள் கோயில் வாயில் வரை காலணியோடே செல்வது குற்றமாகாது. இரவில் படுக்கும் முன் பாதங்களைக் கண்ணால் பார்க்கும் வழக்கமும் வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, அடங்காத மூச்சுத்திணறல், கண் இருளுதல், இவற்றில் எது தோன்றினாலும் அந்த அடியோடு நின்றுவிட வேண்டும். 'அடுத்த கோயில் அருகில்தானே' என்று எண்ணலாகாது; மருத்துவமனைக்கே விரைய வேண்டும்.

நேர்ச்சை என்னாவது?

இனி அன்பரின் மூன்றாம் வினா. அவருடைய நெஞ்சை வருத்துவது முழங்காலைவிட இதுவே என்று கடிதத்தின் வரிகள் காட்டுகின்றன. 'அவள் உயிரைக் கேட்டேன், கொடுத்தான். நான் கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்காமல் எப்படி இருப்பது?' என்று எழுதியிருக்கிறார்.

அன்பரே, தாங்கள் கொடுப்பதாகச் சொன்னது பன்னிரண்டு சந்நிதிகளிலும் சென்று நன்றி கூறுவதை. ஓட்டம் அந்நன்றியைச் சுமந்து செல்லும் ஊர்தி. இன்று மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் சென்று பன்னிரண்டு ஆலயங்களையும் தரிசிக்கின்ற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கும் அதே திருநீறுதான் வழங்கப்படுகிறது. வழிநெடுகச் சுக்குநீரும் பானகமும் மோரும் கஞ்சியும் கொடுத்து நிற்கும் ஊர்மக்கள் ஓடுவோரை மட்டும் பார்த்துக் கொடுப்பதில்லை.

ஆயினும், 'காலால் ஒன்றும் செய்யவில்லையே' என்னும் குறை தங்களுக்கு நிற்கும். அதற்கும் வழி உண்டு. வரும் மாசியில் பதினோர் ஆலயங்களுக்கு வாகனத்தில் செல்லுங்கள். கல்குளத்தில் நீலகண்டசுவாமியை வணங்கிய பின் மட்டும் இறங்கி, மேலாங்கோட்டிற்கு நடந்து செல்லுங்கள். இவ்விரண்டு தலங்களும் பத்மநாபபுரத்தை ஒட்டி அடுத்தடுத்து அமைந்தவை. மேற்சொன்ன நெறியில் சில மாதங்கள் நடந்த கால்களுக்கு அது எட்டாத தூரமன்று. மறு ஆண்டு உடல் இடங்கொடுத்தால் அவ்விடைவெளியில் சிறிது மெல்லோட்டமும் கூடலாம். அல்லது இன்னும் ஓர் இடைவெளியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாகக் கூட்டினால் நேர்ச்சை பல ஆண்டுகளுக்கு நீளும். அத்தனை ஆண்டுகள் இறைவன் தங்களைத் தன் வாயிலுக்கு வரவழைக்கிறான் என்று அதனைக் கொள்ளலாமே.

எடை குறைக்கும் நோக்கம் நேர்ச்சையோடு கலப்பது தகுமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறார். ஐயமே வேண்டாம். திருமூலர் திருமந்திரத்தில், முன்பு தாம் உடம்பை இழிவென எண்ணியிருந்ததையும், பின்னர் அதனுள்ளே இறைவன் உறைவதைக் கண்டு அதனைப் பேணத் தொடங்கியதையும் கூறுகிறார். கோயிலைப் பழுதுபார்ப்பது கைங்கரியம் என்றால், இந்தக் கோயிலைப் பழுதுபார்ப்பதும் கைங்கரியமே. குடமுழுக்கு ஒரே நாளில் நடக்கும். அதற்கு முன் திருப்பணி எத்தனை ஆண்டுகள் நடக்கிறது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

அன்பரின் திருமகளுக்கும் ஒரு சொல். தந்தையின் உடல்நலத்தை எண்ணித் தாங்கள் தடுப்பது அன்பினால்தான். ஆனால் அசையாமல் அமர்ந்திருப்பதும் பாதுகாப்பன்று. 29 ஆண்டுகள் அவ்வாறு அமர்ந்ததன் விளைவையே இன்று பார்க்கிறீர்கள். 'ஓடாதீர்கள்' என்பதற்கு மாற்றாக, 'இன்று பிராகாரத்தில் எத்தனை சுற்று நடந்தீர்கள், அப்பா?' என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். அம்மையாரும் உடல் தேறிய பின், மருத்துவர் இசைவோடு, மாலை நடையில் அவருடன் இணையலாம். நேர்ச்சை யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரே உடன் நடந்து வருவதைக் காட்டிலும் பெரிய நன்றிக்கடன் வேறில்லை.

இதனை வாசிக்கும் மற்ற அன்பர்களும் நாளைக் காலை பத்து நிமிடம் மட்டும் நடந்து பாருங்கள். கையில் விசிறி இல்லாவிட்டாலும் நாவில் நாமம் இருக்கட்டும். திருநட்டாலத்துச் சங்கரநாராயணர் அனைவருக்கும் கால்களில் வலிமையும் நெஞ்சில் பொறுமையும் அருள்வாராக.

அடுத்த வாரம், சாஷ்டாங்க நமஸ்காரம் செய்துவிட்டுத் தரையிலிருந்து எழ இயலாமல் தவிப்போருக்கான வழிகளைக் காண்போம்.